பேரலல் செஷன்: தமிழில் எப்படி எழுதலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தரவுத்தளக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. பெருமளவு தரவை ஒரே செஷனில் (தரவுத்தளத்தில் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை நடக்கும் ஒரு தொடர்பில்) வரிசையாக ஏற்றாமல், பங்கு பிரித்துப் பல செஷன்களில் ஒரே நேரத்தில் ஏற்றுவது பற்றிய அத்தியாயம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் காப்புப்படியை மீட்டு ஏற்றும் பிஜி ரீஸ்டோர் கட்டளைக்கு, வேலையை நான்காகப் பிரிக்கச் சொல்லி 'ஜாப்ஸ் 4' என்று கொடுப்போமே, அந்த மாதிரி. 'இணையமர்வு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

*

பொருள் சரி ஐயா, புணர்ச்சிதான் இடிக்கிறது. ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வருவது முறைதான். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு அது 'இணைய அமர்வு' என்றே தெரியும். அது பிரவுசரில் நடக்கும் வெப் செஷன். போதாததற்கு கனெக்‌ஷனை 'இணைப்பு' என்கிறோம். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஓர் இணைப்பிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகள் இருக்கலாம். 'ஓர் இணைப்பில் இரண்டு இணையமர்வுகள்' என்றால் மாணவருக்கு என்ன விளங்கும்?

'உடனிகழ் அமர்வு' என்று வையுங்கள். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் உடனிகழ்வுப் பொருள்தான். தொல்காப்பியர் அந்த வேற்றுமைக்குப் பெயரிடுவதே 'ஒடு' என்றுதான். 'ஆசிரியரொடு மாணவர் வந்தார்' என்றால் இருவர் வருகையும் ஒருசேர நடக்கிறது. நம் இலக்கணத்திலேயே இருக்கும் சொல்லை விடுவானேன்?

*

உடனிகழ்வு 'கான்கரன்ட்' என்ற வேறொரு கலைச்சொல்லுக்கு வேண்டும். கணினிச் செயலியின் ஒரே கோர் (கணிக்கும் அலகு) இரண்டு அமர்வுகளுக்கு மாறி மாறி நேரம் ஒதுக்கினாலும் அது உடனிகழ்வுதான். பேரலல் என்றால் தனித்தனிக் கோர்களில் அதே கணத்தில் ஓட வேண்டும். ஏற்றம் வேகமாவது அதனால்தான். கோர்களும் வட்டும் தாங்குவதற்கு மேல் அமர்வுகளைக் கூட்டினால் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் வேண்டாம்.

வேலையில் இருப்பவர்கள் 'நாலு செஷன் போட்டு ஏத்து' என்றுதான் பேசுகிறார்கள். செஷன் என்றே விட்டால் என்ன?

*

செஷனைத் தமிழில் எழுதக் கூடாதென்றால் கையேடே தேவையில்லை. அமர்வு ஊன்றிப்போன சொல், அதில் கை வைக்காதீர்கள். அப்புறம், பெருமளவு தரவை ஏற்றும் பல்க் லோடுக்கு 'தரவேற்றம்' வேண்டாம். அதை அப்லோடுக்குப் புழங்குகிறார்கள். 'மொத்த ஏற்றம்' போதும்.

*

நன்றி. 'இணை அமர்வு' என்று இடம் விட்டு எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'பேரலல் செஷன்' சேர்த்து அனுப்புகிறேன். பெரும்பாலோர் இதற்கு ஒப்பினீர்கள்.

*

நான் ஒப்பவில்லை. இடம் விட்டாலும் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும்போது யகரம் வந்துவிடும். அடுத்த பதிப்புக்கு முன் உடனிகழ் அமர்வை மறுபடி எடுப்போம். கான்கரன்ட்டுக்கு வேறு சொல் தேடித் தருவது என் பொறுப்பு.