காதும் கண்ணும் போன பெரியப்பாவோடு பேச என்ன வாங்கலாம்?

முகப்புத்திண்ணை:
பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தார், ஆஃப்செட் வந்த பிறகு அங்கேயே பைண்டிங் வேலை. இளவயதிலேயே மாலைக்கண், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது அறுபதை நெருங்கும்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறது. அஷர் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னார்.

முன்பெல்லாம் நாங்கள் எழுதிக்காட்டுவோம், அவர் படித்துவிட்டு எழுதியோ சைகையிலோ பதில் சொல்வார். ஊரில் எந்தப் பழைய வளவு வீட்டைப் பிரித்து விற்கிறார்கள், யார் வீட்டுத் தேக்கு லாரியில் ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். இப்போது தட்டைக் கையில் வைத்தால் சாப்பாடு, துண்டை வைத்தால் குளியல், அவ்வளவுதான் பேச்சு. மற்ற நேரமெல்லாம் வீட்டுப் பட்டாலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், எழுத்தை விரலுக்குச் சொல்லும் கையுறை ஒன்றின் வீடியோவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஆனாலும் வாங்கலாம் என்கிறார். கையுறையா, பிரெயில் மெஷினா, இல்லை போனில் ஆப் ஏதாவது இருக்கிறதா? தமிழில் வேலை செய்யுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
தம்பி, நான் சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. பணத்தை இன்னும் எடுக்காதீர்கள். பெரியப்பாவுக்குப் பிரெயில் தெரியுமா? தெரியாது என்றால் லட்ச ரூபாய் மெஷினும் அவர் மடியில் ஒரு பெட்டிதான். கையுறையை மறந்துவிடுங்கள். ஜெர்மனியில் லோர்ம் என்று ஒரு முறை உண்டு, உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடமோ கோடோ இருக்கும், 1881-ல் வந்தது. அதை வைத்து பெர்லினில் கையுறை செய்து பார்த்தார்கள். இதுபோல வீடியோவில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சி மாதிரிகள், கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த எழுத்துமுறையை அவர் முதலில் படிக்க வேண்டும்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்கிறீர்கள், அதுவும் அச்சுக் கோர்த்தவர், ஈய எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் பார்த்துப் பழகியவர். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இன்றைக்கே அவர் உள்ளங்கையில் உங்கள் ஆள்காட்டி விரலால் எழுதுங்கள். பெரிதாக, ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக அல்ல. ஒரு சொல் முடிந்தால் உள்ளங்கையைத் தட்டையாக ஒரு தட்டு, தப்பாகப் போனால் துடைப்பதுபோல் ஒரு தடவு. புள்ளிக்கு விரல் நுனியால் ஒரு குத்து. ர-வும் துணைக்காலும் (ா) கையில் ஒன்றுபோலவே இருக்கும், ண-வும் ன-வும் குழப்பும். அவர் முதல் பாதியிலேயே சொல்லை ஊகித்துவிடுவார், ஊகித்ததும் தலையாட்டச் சொல்லுங்கள், மீதியை எழுத வேண்டாம்.

ஒவ்வொருவரும் அருகில் வந்ததும் தோளைத் தொட்டு, தனக்கென்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வளையலைத் தொடவைப்பது, கைக்கடிகாரத்தைத் தொடவைப்பது, எதுவானாலும் சரி. போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து காலால் தரையைத் தட்டிக் கூப்பிடுவதெல்லாம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடக்காது, அதிர்வே போகாது. அவர் உட்காரும் மரப்பெஞ்சைத் தட்டினால் போகும்.

வயர்மேன்:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் மெஷினை அப்படி ஒதுக்க வேண்டாம்.

இப்போது இருப்பதில் உருப்படியானது இதுதான். பிரெயில் டிஸ்ப்ளே என்பது ஒரு வரிசைச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறோ எட்டோ ஊசிமுனைகள் ஏறி இறங்கி எழுத்தைக் காட்டும். ப்ளூடூத்தில் போனோடு சேரும். ஆண்ட்ராய்டு 13 வந்த 2022-லிருந்து திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கிலேயே இதற்கு வசதி உண்டு, ஐபோனில் அதே வேலைக்கு வாய்ஸ்ஓவர். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் எழுத்தாக்கும், அதற்குத் தமிழும் தெரியும், அந்த எழுத்து ஊசிமுனையில் வரும். அவர் டிஸ்ப்ளேயிலேயே உள்ள விசைகளில் தட்டினால் போனில் எழுத்தாகும். சொல்வதற்கு அழகாக இருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சத்தத்தில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீட்டில், அது எழுதுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

அதனால் நான் சொல்லும் வழி வாட்ஸ்அப். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவருக்கு மெசேஜ் அனுப்புங்கள், அவர் விரலில் படித்துவிட்டு அங்கேயே பதில் தட்டட்டும். அனுப்புமுன் நீங்கள் திருத்திக்கொள்ளலாம், வேறு ஆப் எதையும் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அதே பழக்கத்தில் சிங்கப்பூரிலிருந்தும் பேசலாம்.

விலை: பழைய வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு பீசோ பட்டை, அதனால் 40 கட்டம் உள்ளது லட்சத்தைத் தாண்டும். ஆர்பிட் ரீடர் 20 என்று 20 கட்டத்தில் ஒன்று இருக்கிறது, அதைவிட நன்றாகக் குறைவு. ஊசிமுனை ஏறி இறங்கும்போது சத்தம் வருகிறது என்று குறை சொல்வார்கள், உங்கள் பெரியப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதை வாங்கினாலும் உங்கள் போனின் பிரெயில் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டரில் திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம், அதில் தமிழ் உண்டு.

தேக்குத்தூண்:
என் அக்காவுக்கும் இதே நிலைதான், தேவகோட்டைப் பக்கம். டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கையில் எழுதுவது மட்டும் என்றால் அவர் வீட்டு ஆட்களை நம்பித்தான் பேச முடியும். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்ல நினைத்தது மட்டும்தான் வரும். என் அக்கா பிரெயில் படித்த பிறகுதான் என்னைக் கேட்காமல் மதினியிடம் என் மேலேயே புகார் சொன்னாள்! அந்த உரிமை மனுஷனுக்கு வேண்டாமா? படிக்க மாதக்கணக்கில் ஆனது, மறுக்கவில்லை.

இன்னொன்று. அவர் சொல்வதை நீங்கள் கவனிக்கிறீர்களா என்று அவருக்குத் தெரியாது. அவர் பேசும்போது முழங்காலில் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள், நாம் 'ம்' கொட்டுகிறோமே, அதற்குப் பதில். நீங்கள் சிரித்தால் அவர் முதுகிலோ புஜத்திலோ விரல்களை அலைபோல் ஆட்டுங்கள். அக்காவிடம் இதைச் செய்ய ஆரம்பித்ததும் அவள் கதைகள் நீளமாகிவிட்டன.

முகப்புத்திண்ணை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உள்ளங்கையில் 'கடியாபட்டி வீடு வித்தாச்சு' என்று எழுதினேன். 'வி' முடிந்ததுமே கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, எவ்வளவுக்கு என்று விரலைத் தேய்த்துக் கேட்டார். அப்பத்தா பக்கத்தில் நின்று அழுகிறார், எனக்குச் சிரிப்பு.

பிரெயில் எங்கே படிப்பது? இத்தனை காலம் பைண்டிங் பார்த்ததில் விரல் நுனியெல்லாம் தடித்துப்போயிருக்கிறது, புள்ளி தெரியுமா என்று சந்தேகம். அரசாங்க உதவி ஏதாவது?

சாக்பீஸ்:
தடித்த விரலில் சிரமம்தான், ஆனால் பக்கத்து விரலையோ இடது கையையோ பழக்கலாம், பெரிய புள்ளியில் தொடங்கலாம். தமிழ் பிரெயில் பயப்படும் அளவுக்கு இல்லை, 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி கிடையாது, 'கொ' என்றால் க-வும் ஒ-வும் அடுத்தடுத்து. குறிகள் பழகிய பிறகு விரல் பிரெயிலும் முடியும். ஜப்பானில் 9 வயதில் கண்ணும் 18 வயதில் காதும் போன சத்தோஷி ஃபுகுஷிமாவின் விரல்களின்மேல், பிரெயில் தட்டச்சு அடிப்பதுபோல் அவருடைய அம்மா 1981-ல் அடித்துக்காட்டியதில் வந்தது அந்த முறை. ஃபுகுஷிமா பிறகு டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஒரு ரூபாய் செலவில்லை, மெஷினில் சார்ஜ் தீர்ந்தாலும் பேச்சு நிற்காது.

சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அவருடைய அட்டையில் காது மட்டும்தான் எழுதியிருந்தால் மாற்றி வாங்குங்கள், 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் காதும் கண்ணும் சேர்ந்த குறைபாடு தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் கேட்கலாம், வருமான வரம்பு உண்டு, சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். பயிற்சிக்குச் சென்னை முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தில் விசாரியுங்கள், பல குறைபாடு உள்ளவர்களுக்கென்றே 2005-லிருந்து நடக்கிறது. காதும் கண்ணும் போனவர்களுக்காக வேலை செய்யும் அகமதாபாத் சென்ஸ் இன்டர்நேஷனல் இந்தியாவுக்கும் எழுதிக் கேளுங்கள்.

தேக்குத்தூண்:
போகும்போது பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெஷினை அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லி, பிடித்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டு, அப்புறம் சிங்கப்பூர் அண்ணனிடம் பணம் கேளுங்கள்.

முகப்புத்திண்ணை:
சரி. இன்று காலை கேட்டாயிற்று. 'மெஷின் அப்புறம், கடியாபட்டி வீட்டை வாங்கினது யாரு' என்றார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் போய் எழுத வேண்டும்.