கல்லடுக்குச் சுவருக்குள் ஓட்டைக் காலணா: சிமென்ட் வைத்துக் கட்டலாமா?

மலைத்தோட்டம்:
தாண்டிக்குடி பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் சாந்தில்லாமல் அடுக்கிய பழைய தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. ஆளுயரம். ஐப்பசி மழையில் நடுப்பகுதி மட்டும் வயிறு தள்ளிவிட்டது. இரு பக்கமும் அசையவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே கல்லைவிட மண்தான் அதிகம். அதற்குள் களிம்பேறிய ஓட்டைக் காலணாக்கள் சில, பிடியில்லாத கவாத்துக் கத்தி ஒன்று. கொத்தனார் சிமென்ட் வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

கல்வேலை:
சிமென்ட் வேண்டவே வேண்டாம். மழைநீர் கல் இடுக்குகளில் கசிந்து வெளியேறுவதால்தான் இந்தச் சுவர்கள் நிற்கின்றன. இடுக்கை அடைத்தால் பின்னால் தேங்கும் நீர் சுவரையே தள்ளிவிடும். ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: நீளக் கற்கள் எப்படிக் கிடக்கின்றன?

மலைத்தோட்டம்:
அசையாத பக்கங்களில் முழங்கை நீளத்துக்கு உள்ளே போகின்றன. சரிந்த இடத்தில் முகப்போடு படுக்க வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பழங்காசு:
ஓட்டைக் காலணா வெளிவந்தது 1943 முதல் 1947 வரைதான்; போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டார்கள். காசு மண்ணின் ஆழத்தில் கிடந்திருந்தால், அந்த இடத்தை 1943-க்குப் பிறகு யாரோ அவசரமாக அடைத்திருக்கிறார்கள். மூலச் சுவர் பக்கங்களில் நிற்பதுதான். மீதியைப் பிரிக்கும்போது எந்தப் பொருள் எந்த வரிசையில் கிடைத்தது என்று படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தே போய்விடும். இன்னொன்று: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ கட்டடத்திலோ மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

கல்வேலை:
அப்படியானால் காரணம் தெளிவு. மண் ஈரத்தில் உப்பியது, பிடித்து நிறுத்த உள்ளே நீளும் கல் இல்லை. கெட்டித் தரை வரை தோண்டி, பெரிய கற்களை அடியில் போடுங்கள். ஆறடி உயரத்துக்கு ஓரடி மேட்டுப் பக்கம் சாயட்டும். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கற்களின் மேல் உட்கார வேண்டும். நீளக் கற்கள் அத்தனையையும் உள்நோக்கித் திருப்பிவிடுங்கள். பின்புறத்தில் மண்ணைக் கொட்டாமல், உடைகல்லைக் கையால் இறுக்கி அடுக்குங்கள்.

மலைத்தோட்டம்:
மிக்க நன்றி. அசையாத பகுதியைக் கொத்தனாருக்குக் காட்டினேன். அவரே ஒரு நீளக் கல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, சிமென்ட் மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். நாளை கடைக்கால் தோண்டுகிறோம்.