“பயப்பிடாதை” என்று கத்துவதற்குப் பதிலாக: மைதானத்து மனசு பற்றி உங்கள் அனுபவங்கள்

ஆறாம் இலக்கம் எழுதியது:

மார்ச் வந்தால் யாழ்ப்பாணத்தில் ரியூசன் வாசலிலும் சரி, தேநீர்க் கடையிலும் சரி, பிக் மட்ச் கதைதான். யாழ் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் அந்தக் கிரிக்கெட் ஆட்டம், வடக்கின் பெரும்போர், 1904 இல் தொடங்கியது. அதைப் பார்க்கவென்றே லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் லீவு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு சனத்துக்கும் பப்பரே வாத்தியச் சத்தத்துக்கும் நடுவில் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் துடுப்போடு இறங்க வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து நாங்கள் அவனுக்குச் செய்யும் ஒரே உதவி, “டேய், பயப்பிடாதை!” பயத்தை மறந்திருந்தவனுக்கும் அப்போதுதான் அது ஞாபகம் வரும்.

நான் ஒரு பாடசாலையின் 19 வயதுக்குட்பட்ட அணிக்குப் பின்னேரங்களில் உதவி செய்பவன். பயிற்றுநர் அல்ல, வலையில் பந்து போடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெடியளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு நிறையக் கிடைத்திருக்கிறது. மண்டபத்தில் இருத்தி, உன்னால் முடியும் என்று கைதட்ட வைத்து, கடைசியில் வடையும் தேநீரும் கொடுத்து அனுப்புவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ஒருவர் அப்படிச் செய்யவில்லை. வெளிநாட்டில் விளையாட்டு உளவியல் படித்து, அங்கே அணிகளோடு வேலை செய்கிறவர். மண்டபம் வேண்டாம் என்று நேரே வலைக்கே வந்துவிட்டார். கேட்ட முதல் கேள்வி, “ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில என்ன செய்வீங்கள், தம்பியள்?”

பெடியள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் சொன்னான், “சும்மா நிப்பம், சேர்.”

அந்தச் ‘சும்மா’வைத்தான் அன்று பின்னேரம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். அரைச்சதம் அடிக்கிறவன் ஒன்றரை மணித்தியாலம் ஆடுகளத்தில் நிற்கக்கூடும். அதில் உண்மையில் பந்தோடு மினக்கெடுவது சில நிமிடங்கள். மிச்ச நேரம் முழுக்க அந்தச் சும்மாதான். போன பந்தில் தவறவிட்டது, ஸ்லிப்பில் நிற்கிறவன் சொன்ன பகிடி, கொட்டகைக்குள் இருக்கும் அப்பாவின் முகம் எல்லாம் உள்ளே வருவது அந்த நேரத்தில். பயத்தைத் துரத்தப் போகாதீர்கள், அந்த இடைவெளியில் கைக்கும் கண்ணுக்கும் ஒரு வேலை கொடுங்கள் என்றார்.

எங்கள் இடக்கை ஆரம்பத் துடுப்பாட்டக்காரனுக்கு அவரே கூட இருந்து ஒன்றை அமைத்துக் கொடுத்தார். பந்து முடிந்ததும் ஸ்குயார் லெக் பக்கம் இரண்டு எட்டு நடக்க வேண்டும். கையுறைப் பட்டியைச் சர்ரென்று பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். மைதானத்துக்கு வெளியே இருக்கும் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து ஒரு நீண்ட மூச்சு வெளியே. அதுவரை அவன் என்ன நினைத்தாலும் பிரச்சினை இல்லை, வீட்டில் காய்ச்சிய கூழை நினைத்தாலும் சரி. திரும்பி வந்து கோட்டில் துடுப்பைத் தட்டியதும் வாய்க்குள் “பந்து” என்று ஒரு சொல். அதற்குப் பிறகு பந்து வீசுகிறவனின் கை மட்டும்தான். பட்டியைப் பிரிக்கிற அந்தச் சத்தம் முக்கியம் என்று வற்புறுத்தினார். போன பந்து அதோடு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

அப்புறம் பப்பரே. வலைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து பிக் மட்ச் சத்தத்தைப் போட்டு, கனிட்ட பெடியளை ஊளையிட விட்டோம். இது விளையாட்டுப் பேச்சு இல்லை. நெதர்லாந்தில் ரவுல் ஔடெயான்ஸ் என்ற ஆய்வாளர் கூடைப்பந்துக்காரரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். கொஞ்சம் பதற்றத்தோடு பயிற்சி செய்தவர்கள் நெருக்கடியிலும் சறுக்கவில்லை.

அற்புதம் நடந்தது என்று எழுத மாட்டேன். அடுத்த பருவத்தில் அந்த இடக்கைக்காரன் ஒரே ஓவரில் திரும்பத் திரும்ப ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே பந்தைத் தவறவிட்டான். முன்பென்றால் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கியிருப்பான். இந்த முறை நடந்தான், பட்டியைப் பிரித்தான், வந்து நின்றான். பிறகு ஆட்டமிழந்ததும் நல்ல பந்துக்குத்தான், பப்பரேக்கு இல்லை.

உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கிரிக்கெட்தான் வேண்டும் என்றில்லை.


வலைக்காவல் எழுதியது:

நான் உதைபந்து. கோல் காப்பாளன். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் சுற்றுப்போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், கோல் கம்பத்துக்குப் பின்னால் சனம் வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். என்ன சொல்கிறார்கள் என்பது ஒரு சொல் விடாமல் காதில் விழும். ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்குப் போனால், எனக்கு எதிரணியைவிட என் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் கரைச்சல்.

சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி ஒரு நாள் கேட்டாள், “அண்ணா, நீங்கள் ஏன் ஒவ்வொரு தடவையும் பாயிறீங்கள்?” பாயாமல் என்ன செய்வது என்று சிரித்தேன். இஸ்ரேலில் மைக்கல் பார்-எலியும் கூட்டாளிகளும் 2007 இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினாள். 286 தண்ட உதைகளைப் பார்த்திருக்கிறார்கள். 28.7 வீதம் நடுவை நோக்கித்தான் வந்திருக்கின்றன. ஆனால் கோல் காப்பாளர் நடுவில் நின்றது வெறும் 6.3 வீதம். நின்ற நேரங்களில் மூன்றில் ஒன்றைத் தடுத்திருக்கிறார்கள், பாய்ந்த நேரங்களில் அதில் பாதிகூட இல்லை.

பிறகும் ஏன் எல்லோரும் பாய்கிறார்கள் என்றால், பாய்ந்து கோல் போனால் “பாவம், பாய்ஞ்சு பாத்தான்” என்பார்கள். நின்று கோல் போனால் “மரம் மாதிரி நிண்டான்.” இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை, பாசையூர்ச் சனமே போதும். இப்போது எந்த உதைக்கு நிற்பது என்று அடிப்பவனைப் பார்த்து முன்கூட்டியே முடிவு எடுத்துவிடுகிறேன். முடிவு கையில் இருந்தால் பின்னால் கேட்கிற சத்தம் பாதி குறைந்துவிடும். நின்று விட்ட கோல்களுக்கு வாங்கின ஏச்சும் இருக்கிறது, அது வேறு கதை.

அடிப்பவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நோர்வேப் பேராசிரியர் கெய்ர் யோர்டெட் தண்ட உதைகளையே வருடக்கணக்காக ஆராய்கிறவர். விசில் ஊதிய உடனே அவசரப்பட்டு அடிப்பவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று காட்டியவர். அந்த அவசரத்துக்குப் பேர் போனவர்கள் இங்கிலாந்துக்காரர். உலகக் கிண்ணத்தில் 1990, 1998, 2006 மூன்று தடவையும் தண்ட உதையில் தோற்றார்கள். 2018 இல் பிப்பா கிரேஞ் என்ற உளவியலாளரும் அணியோடு இருந்தார், தண்ட உதையைத் தனிப் பாடமாகவே பயின்றார்கள், கொலம்பியாவை 4–3 என்று வென்றார்கள். 2021 இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் இத்தாலியிடம் மறுபடி தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும். மந்திரம் ஒன்றும் இல்லை.

நாங்கள் இப்போது தண்ட உதைப் பயிற்சியைக் களைத்துப்போன பிறகுதான் செய்கிறோம். நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வர வேண்டும். அந்த நடைதான் கொல்லுகிறது, அதை ஒருத்தரும் பழகுவதில்லை.


பழைய செற்றர் எழுதியது:

தம்பிமார், கோபிக்க வேண்டாம். கரப்பந்தாட்டம் 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டபோது நாங்கள் இங்கே கறன்ட் இல்லாமல், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, ஷெல் சத்தத்துக்கு நடுவில் வலை கட்டி விளையாடிக்கொண்டிருந்தவர்கள். எங்களுக்கு எந்த உளவியலாளர் வந்தவர்? கோச் ஏசுவார், வீட்டில் அம்மா ஏசுவா, அடுத்த நாளும் போய் விளையாடுவோம். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வகுப்பு.

எங்கள் அணியில் ஒருவன் இருந்தான். சேர்விஸ் என்றால் அவன்தான். பந்தை மூன்று தரம் நிலத்தில் அடிப்பான், இடக்கையில் ஒரு ஊது ஊதுவான், எதிர்ப்பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் பார்ப்பான். இடையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவும் முதலிலிருந்து மூன்று தரம் அடிப்பான். நடுவர் விசரில் கத்துவார். அவன் தன்ரபாட்டில். அவனுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.


ஆறாம் இலக்கம் எழுதியது:

அண்ணை, கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் சேர்விஸ்காரர் தானாகக் கண்டுபிடித்ததைத்தான் எங்கள் பெடியனுக்கு இன்னொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அணியில் ஒருவர் தானாகக் கண்டுபிடிப்பார், மற்றப் பேர் என்ன செய்வது?

நியூசிலாந்து ரக்பிக்காரரைவிட முரட்டு ஆட்கள் இருக்க முடியாது. 2007 உலகக் கிண்ணக் காலிறுதியில், கார்டிஃப் நகரில், பிரான்சிடம் 20–18 என்று தோற்ற பிறகு அவர்களும் இதைத்தான் தேடிப் போனார்கள். செரி எவன்ஸ் என்ற மனநல மருத்துவர், முன்பு நியூசிலாந்துக்கு உதைபந்து ஆடியவர், அணியின் மனத்திறன் பயிற்றுநர் கில்பர்ட் எனோக்காவோடு சேர்ந்து வேலை செய்தார். தலை கொதிக்கிற நிலை சிவப்பு, தெளிவாக இருக்கிற நிலை நீலம். சிவப்பிலிருந்து நீலத்துக்கு வர ஒவ்வொருவருக்கும் ஒரு செய்கை. கியரன் ரீட் மைதானத்தின் தூர விளிம்பைப் பார்ப்பார், பிராட் தோர்ன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். 2011 இறுதியில் அதே பிரான்சை 8–7 என்று ஒரு புள்ளியால் வென்றார்கள். கையில் ஊதுகிற உங்கள் ஆளும் இவர்களும் ஒரே பக்கம்தான், அண்ணை.


பழைய செற்றர் எழுதியது:

ஒரு புள்ளியால் வென்றதுக்கு இவ்வளவு கதையா! சரி, தண்ணீர் ஊத்துறது நல்லம், எங்கட வெயிலுக்குத் தேவை.


வளையத்தடி எழுதியது:

நான் வலைப்பந்து. கோல் சூட்டர். மாகாண மட்டம் வரை விளையாடினேன், இப்போது என் மகள் விளையாடுகிறாள்.

இங்கே ஈவினைக் கிராமத்திலிருந்து இலங்கை அணிக்குப் போன தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிக் கதைத்தால் எல்லோரும் முதலில் சொல்வது உயரம். 208 சென்ரிமீற்றர், உண்மைதான். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் இங்கே கடையில் கேட்டது, “உயரம் தானே.” வளையத்தடியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடி. முன்னால் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். போட வேண்டியது நீதான் என்று அணியில் மிச்ச ஆறு பேரும் நம்பிக்கொண்டு நிற்பார்கள். உயரம் அந்த மூன்று வினாடியைக் கூட்டித் தராது.

எனக்கு ஒரு பயிற்றுநர் இடைவேளையில் எப்போதும் சொல்வார், “முழங்கையை உள்ளுக்கு வை, மணிக்கட்டைக் கவனி.” நல்ல மனுசி, நல்லதுக்குத்தான் சொன்னார். இடைவேளைக்குப் பிறகு ஒன்றும் விழாது. பயிற்சியில் தன்பாட்டில் போகிற கை, நான் அதைப் பார்க்கத் தொடங்கியதும் நின்றுவிடும். பிறகு ஒரு பயிற்சி முகாமில் வேறொரு பயிற்றுநர் என் கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “வளையத்தின்ர பின் விளிம்பைப் பார் பிள்ளை, அவ்வளவுதான்.” அன்று விழுந்தது. கப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களிலிருந்து இதைத்தான் காட்டிவருகிறார் என்று பின்னாளில் வாசித்தேன். கவனம் உடம்பில் இருப்பதைவிட வெளியே, பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருந்தால் அசைவு தானாகச் சீராகிறதாம்.

இன்னொன்று. எல்லோரையும் ஆறுதல்படுத்தப் போகாதீர்கள். யூரி ஹனின் என்ற உளவியலாளர் சோவியத் காலத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நன்றாக விளையாடுகிற பதற்ற அளவு வேறு. எங்கள் சென்ரர், ஆட்டத்துக்கு முன் யாராவது அவளோடு சண்டை பிடித்தால்தான் பறப்பாள். நான் சண்டையைக் கண்டால் உறைந்துபோவேன். இரண்டு பேரையும் ஒரே வட்டத்தில் நிறுத்தி ஒரே பேச்சுப் பேசினால் ஒருத்தி கெடுவாள். என் மகள் ஆட்டத்துக்கு முன் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருப்பாள். “என்ன, அக்கறையே இல்லையோ” என்று கேட்கும் அம்மாமார் தயவுசெய்து அவர்களை அப்படியே விடுங்கள்.

உயர்தரம் வருகிறது, விளையாட்டை விடு என்று வீட்டில் தினமும் சொல்கிற நெருக்கடிக்கு மட்டும் எந்த ஆய்விலும் மருந்து காணவில்லை.


பெயர் வேண்டாம் எழுதியது:

எல்லோரும் ஆட்ட நேரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அணியிலிருந்து எடுத்துவிட்ட பிறகு வருகிற நேரத்தைப் பற்றி ஒரு வரி. எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, மைதானப் பக்கம் போகும் வீதியையே மாற்றிக்கொண்டேன். தைரியம் இல்லாதவன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். 2019 இல் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் கிளென் மக்ஸ்வெல் இலங்கைக்கு எதிரான தொடரின் நடுவில் மனநலத்துக்காக விளையாட்டிலிருந்து விலகினாரே, அந்தச் செய்தியை அப்பாவிடம் காட்டித்தான் என்னால் வைத்தியரிடம் போக முடிந்தது. மூச்சுப் பயிற்சி இதற்குப் போதாது. தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பது வேறு, இது வேறு. யாருக்காவது அந்த நிலை என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலவச இலக்கம்.


வலைக்காவல் எழுதியது:

எழுதியதற்கு நன்றி தம்பி. திரும்ப விளையாட மனம் வந்தால் எங்கள் பக்கம் வாரும், இல்லாவிட்டால் பார்க்கவாவது வாரும்.

ஆறாம் இலக்கம், அந்தப் பப்பரே சத்தத்தை எங்கே எடுத்தீர்கள்? எங்களுக்கும் வேணும்.


ஆறாம் இலக்கம் எழுதியது:

போன பிக் மட்சில் போனிலேயே பதிந்தது. அனுப்புகிறேன். ஸ்பீக்கர், கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம் கேட்டு வாங்கினோம். பக்கத்து வீட்டு அன்ரி மகளுக்குச் சாதாரணதரப் பரீட்சை என்று மதிலுக்கு மேலால் ஏசியதால், இப்போது சனிக்கிழமை காலையில் மட்டும்தான் போடுகிறோம். ஸ்பீக்கர் கிடைக்காவிட்டாலும் யோசிக்க வேண்டாம். கனிட்டப் பெடியளுக்கு ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள், பப்பரேயைவிடத் திறமாகக் கத்துவார்கள்.