ஓணம் லீவில் செய்த அப்கிரேடும் மறந்துபோன ஸ்னாப்ஷாட்டும்

கஞ்சிக்கோட்டிலிருந்து:

வாளையார் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சர்வர் பார்க்கிறேன், வீடு கொழிஞ்சாம்பாறை. மூன்று ஹோஸ்ட் (நிஜ சர்வர் மெஷின்), மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ், அதன்மேல் இருபதுக்கும் மேல் விஎம், அதாவது அந்த மெஷின்களுக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்கள். ஹோஸ்டில் விஎம்களை ஓட்டும் விஎம்வேர் கம்பெனி மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 6.7க்கு 2022 அக்டோபர் 15 உடன் சப்போர்ட் முடிகிறது என்பதால், அந்த வருடம் ஓணம் லீவிலேயே 7.0க்கு ஏறிவிடலாம் என்று நாள் குறித்தோம். வரிசை தெரிந்ததுதான். முதலில் எல்லா ஹோஸ்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர், அப்புறம் ஒவ்வொரு ஹோஸ்டாகக் காலி செய்து மெயின்டனன்ஸ் மோடில் போட்டு ஏற்றுவது, கடைசியாக ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் போடும் விஎம்வேர் டூல்ஸ். எல்லாம் நன்றாகவே முடிந்தது. டூல்ஸ் ஏற்றும் முன் கணக்கு சர்வருக்கு மட்டும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன், தப்பாகப் போனால் திரும்பிவிடலாம் என்று. தப்பாகப் போகவில்லை. அதனாலேயே அதை அழிக்க மறந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மாதக் கணக்கு முடிக்கிற சனிக்கிழமை, ஸ்டோர்ஸ் சேச்சி போனில் "சிஸ்டம் நின்னு போயல்லோ" என்கிறார். போய்ப் பார்த்தால் கணக்கு சர்வர் மட்டுமல்ல, அதே டேட்டாஸ்டோரில் (விஎம் டிஸ்க்குகள் இருக்கும் ஸ்டோரேஜ் பகுதி) தின் டிஸ்க்கோடு, அதாவது எழுத எழுத இடம் எடுக்கும் டிஸ்க்கோடு, இருந்த இன்னும் நான்கு விஎம்களும் இடமில்லை என்ற கேள்வியைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் ஃபைலில் எதுவும் எழுதப்படாது, புதிதாக எழுதுவதெல்லாம் பக்கத்தில் ஒரு டெல்டா ஃபைலில் சேரும். எங்கள் டேட்டாபேஸ் தினமும் ராத்திரி இண்டெக்ஸை மறுபடி கட்டுகிறது, அதாவது பழைய தரவையே திரும்பத் திரும்ப எழுதுகிறது. 400 ஜிபி டிஸ்க்கின் டெல்டா 300 ஜிபியைத் தாண்டியிருந்தது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே எழுதி வைத்திருக்கிறது, நானும் படித்தவன்தான்.

ஸ்னாப்ஷாட்டை அழிப்பது என்றால் டெல்டாவில் இருப்பதையெல்லாம் பழைய டிஸ்க் ஃபைலில் சேர்ப்பது, அதற்கும் இடம் தேவைப்படலாம். டேட்டாஸ்டோரில் ஒரு எம்பிகூட இல்லாதபோது அழிக்கவே பயமாக இருந்தது. முதலில் பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை நீக்கினேன், சொற்பம்தான் கிடைத்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஓடுகிற ஒவ்வொரு விஎம்மும் தன் மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் வைத்திருக்கும், பவர் ஆஃப் செய்தால் அது போய்விடும். 16 ஜிபி மெமரி கொடுத்திருந்த இரண்டு டெஸ்ட் விஎம்களை நிறுத்தினேன், 32 ஜிபி கிடைத்தது, மற்ற நான்கும் மூச்சு விட்டன. கணக்கு சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, அது மேலும் எழுதாத நிலையில், டெலீட் ஆல் கொடுத்தேன்.

99 சதவீதம் வரை வேகமாகப் போனது. அப்புறம் நகரவே இல்லை. மேனேஜர் பின்னால் நின்று, கேன்சல் செய்து ரீஸ்டார்ட் செய்யலாமே என்று கேட்டுக்கொண்டே இருந்தார், வேண்டாம் சார், கை வைத்தால் டிஸ்க் போய்விடும் என்று கெஞ்சினேன். ஹோஸ்டுக்குள் எஸ்எஸ்எச்சில் போய் அந்த ஃபோல்டரை ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன். ஃப்ளாட் ஃபைலின், அதாவது அந்தப் பழைய டிஸ்க் ஃபைலின், நேரம் 4:12, 4:13, 4:14 என்று மாறிக்கொண்டே இருந்தது, அது ஒன்றுதான் வேலை நடக்கிறது என்பதற்குச் சாட்சி. ராத்திரி எட்டரைக்கு முடிந்தது. தரவு எதுவும் போகவில்லை.

அன்றைக்கு என்னைக் கலங்கடித்தது வேறு. டெலீட் கொடுப்பதற்கு முன் பேக்கப் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஆனால் அதை ஒருமுறைகூட ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை.

சத்தியவேட்டிலிருந்து:

அண்ணா, எனக்கும் அதே 7.0தான், வேறு இடத்தில் அடித்தது. எங்கள் பழைய ஹோஸ்ட்கள் எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும். 6.7 வரை பிரச்சினையே இல்லை, பூட் ஆனதும் மெமரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கார்டில் எழுதுவது ரொம்பக் குறைவு. 7.0இல் பார்ட்டிஷன் அமைப்பை மாற்றி, சின்னச் சின்னப் பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள், அதில் எழுத்து வேலை அதிகம், கார்டு தாங்காது. அப்கிரேடுக்குச் சில மாதம் கழித்து ஒரு ஹோஸ்ட் விசென்டரில் பதில் சொல்லாமல் போனது. விஎம்கள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தன, நகர்த்தத்தான் முடியவில்லை. ரீபூட் செய்தால் திரும்பி வராது என்று தெரிந்தே ஒவ்வொரு விஎம்மாக உள்ளே புகுந்து ஷட்டவுன் செய்தோம். இப்போது பூட்டுக்கென்று தனி எஸ்எஸ்டி போட்டாகிவிட்டது. கார்டிலிருந்து ஏறப் போகிறவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

பாறசாலையிலிருந்து:

2023 நவம்பரில் விஎம்வேர் பிராட்காம் கைக்குப் போய், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்ற பிறகு, நாங்கள் விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறினோம். 8.2இல் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் வசதி வந்தது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் விண்டோஸ் விஎம் டிஸ்க்கை எடுத்தவுடன் விர்ட்ஐஓவில் (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு, விண்டோஸில் தனி டிரைவர் வேண்டும்) மாட்டினால் நீலத் திரைதான். முதலில் விண்டோஸுக்குத் தெரிந்த சாதாரண சாட்டா இணைப்பாக மாட்டிப் பூட் செய்து, டிரைவர் போட்டு, 1 ஜிபி காலி டிஸ்க் ஒன்றை மட்டும் விர்ட்ஐஓவில் சேர்த்து அது தெரிகிறதா பார்த்து, அப்புறம் மெயின் டிஸ்க்கை மாற்றுங்கள்.

இன்னொன்று, இரண்டே ஹோஸ்ட் வைத்து கிளஸ்டர் போட்டால் ஒன்று விழுந்ததும் மற்றதுக்குக் கோரம் (பாதிக்கு மேல் ஓட்டு) கிடைக்காது, கான்ஃபிகரேஷன் ரீட் ஒன்லி ஆகிவிடும். மூன்றாவது ஓட்டுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்பில் க்யூடிவைஸ் என்ற ஓட்டுப் போடும் சேவையைப் போட்டிருக்கிறோம்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

சத்தியவேடு தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் ஹோஸ்ட்களைப் பார்த்தேன், மூன்றும் ஹார்டு டிஸ்க்கிலிருந்துதான் பூட் ஆகின்றன, நிம்மதி. பாறசாலை அண்ணா, நாங்களும் மாறப் போகிறோம், சாட்டா விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

என் பக்கம் மாறியது இதுதான். மூன்று நாளுக்கு மேலான ஸ்னாப்ஷாட் இருந்தால் தினமும் காலை ஏழு மணிக்கு மெயில் வருகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாதம் ஒருமுறை கணக்கு சர்வரை நெட்வொர்க் துண்டித்த தனி இடத்தில் ரீஸ்டோர் செய்து, ஸ்டோர்ஸ் சேச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முந்தின நாள் போட்ட கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். முதல் தடவை பில் இல்லை. டேட்டாபேஸ் இருந்த இரண்டாவது டிஸ்க் பேக்கப் வேலையில் சேர்க்கப்படவே இல்லை, ஆரம்பத்திலிருந்தே.