ஸ்டான்லி ஃபிஷர்: பதவிகளுக்கு அப்பால் அவருடைய கல்விப்பணி என்ன?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேரியல் பொருளியலை டார்ன்புஷ், ஃபிஷர் எழுதிய பாடநூலில்தான் கற்றேன். 2025 மே 31 அன்று ஃபிஷர் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிகள், அவரைப் பன்னாட்டு நாணய நிதியத்தின் துணைத் தலைமையில் இருந்தவர், இஸ்ரேல் மத்திய வங்கியின் ஆளுநர், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் துணைத் தலைவர் என்றே அறிமுகப்படுத்தின. பேராசிரியராக அவர் சாதித்தது என்ன? முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல எண்ணுவதால் கேட்கிறேன்.

பொன்னி:
வணக்கம், நெய்தல். 1943இல் வட ரொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், பிறந்த ஃபிஷர், லண்டன் பொருளியல் பள்ளியில் பயின்று, 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். சிகாகோவில் சில ஆண்டுகள் கற்பித்தபின் 1973இல் எம்.ஐ.டி.க்கே திரும்பினார்.

அவருடைய 1977ஆம் ஆண்டுக் கட்டுரையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். மக்கள் பகுத்தறிவோடு எதிர்பார்ப்புகளை அமைத்துக்கொண்டால், முறைப்படி நடத்தப்படும் பணக் கொள்கையை அவர்கள் முன்பே கணித்துவிடுவார்கள், எனவே அதனால் உற்பத்தியை மாற்ற முடியாது என்று பொருளியலாளர்கள் சார்ஜெண்டும் வாலஸும் 1975இல் வாதிட்டிருந்தார்கள். ஃபிஷர் பகுத்தறிவு எதிர்பார்ப்பை மறுக்கவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, கூலி ஒப்பந்தத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். தொழிற்சங்கமும் நிறுவனமும் இன்று இரண்டு ஆண்டுகளுக்குக் கூலியை நிர்ணயித்துக் கையெழுத்திடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டின் இறுதியில் தேவை சரிந்தாலும், அந்த எண்ணை இருவராலும் திருத்த முடியாது. மத்திய வங்கியாலோ பண அளிப்பை உடனே மாற்ற முடியும், அதன்மூலம் உற்பத்தியையும் பாதிக்க முடியும். வங்கிக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரிந்திருக்கத் தேவையே இல்லை, ஒப்பந்தம் முடிவதற்குள் செயல்பட முடிந்தால் போதும் என்பதுதான் இதன் அழகு. என்னைப் பொறுத்தவரை, எந்தப் பதவியையும்விட இந்தக் கட்டுரையே பெரிது.

செம்மண்:
பொன்னி அவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் நான் மாணவர்களையே முதலில் வைப்பேன். பின்னாளில் ஃபெடரல் ரிசர்வின் தலைவரான பென் பெர்னான்கே ஆய்வு மாணவராக ஆலோசனை கேட்டுச் சென்றபோது, ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் 1963இல் வெளியிட்ட அமெரிக்கப் பணவரலாற்று நூலைப் படிக்கச் சொன்னவர் ஃபிஷர்தான். எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் நூல் அது. அது சலிப்பூட்டாமல் ஆர்வத்தைக் கிளப்பினால் பணவியலில் இறங்கலாம் என்பதே அவருடைய அறிவுரை. 1930களின் பெருமந்தத்தைப் பற்றிய பெர்னான்கேயின் ஆய்வுகள் அந்த வாசிப்பிலிருந்து வளர்ந்தவை. அவற்றுக்காக அவர் 2022இல் நோபல் பரிசு பெற்றார். பொருளியலாளர்கள் ஒலிவியே பிளான்ஷார், கிரெகரி மேன்கியூ, பின்னாளில் ஜப்பான் மத்திய வங்கியின் ஆளுநரான கஸுவோ உவேதா ஆகியோருக்கும் அவரே நெறியாளர். ஒரு மாணவருக்கு எந்த நூல் எப்போது தேவை என்று அறிவது, கட்டுரை எழுதுவதற்குச் சற்றும் குறைந்த திறமை அன்று.

கரும்பலகை:
கல்லூரியில் பல ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபிஷரின் 1977 கட்டுரையைத் தனியாகப் படிக்காதீர்கள். இரு தரப்புக்கும் இழப்பு தரும் ஒப்பந்தத்தில் பகுத்தறிவுள்ளவர்கள் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று பொருளியலாளர் ராபர்ட் பாரோ அதே ஆண்டிலேயே கேட்டார். அது இலகுவில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. முதலில் சார்ஜெண்ட், வாலஸ் கட்டுரை, அடுத்து ஃபிஷர், அதன்பின் பாரோ என்ற வரிசையில், கையில் தாளும் பேனாவுமாக, ஒவ்வொரு சமன்பாட்டையும் நீங்களே வருவித்துப் பாருங்கள், அம்மா. ஐயம் எழும் இடத்தை இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.