டிஎச்பி-1 செல்லில் சால்மோனெல்லா: இரும்பைப் பறித்தால் குறையவில்லை, துத்தநாகத்தைப் பறித்தால் சரிகிறது. ஏன்?

அகார்தட்டு:
டிஎச்பி-1 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித வெள்ளணு வரிசை) 100 நானோமோலார் பிஎம்ஏவில் (முதிரவைக்கும் வேதிப்பொருள்) 48 மணி நேரம் வைத்து மேக்ரோபேஜ் (கிருமியை விழுங்கும் செல்) ஆக்கி, ஒரு நாள் பிஎம்ஏ இல்லாமல் விட்டு, சால்மோனெல்லா டைஃபிமுரியம் போடுகிறேன் (எம்ஓஐ 10, அதாவது செல் ஒன்றுக்குப் பத்துக் கிருமி). 30 நிமிடம் உள்ளே போகவிட்டு, வெளியே மிஞ்சிய கிருமியைக் கொல்ல ஜென்டாமைசின் ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் ஒரு மணி நேரம், பிறகு 20. 2 மணியிலும் 24 மணியிலும் 0.1% ட்ரைட்டானில் செல்லை உடைத்து எல்பி (கிருமி வளர்ப்பு ஊடகம்) தட்டில் எண்ணிக்கை. இரும்பைப் பறிக்க டெஃபெராக்சமின் 100 மைக்ரோமோலார், துத்தநாகத்தைப் பறிக்க டீபென் 5 மைக்ரோமோலார். டெஃபெராக்சமினில் எண்ணிக்கை குறையவே இல்லை, சில கிணறுகளில் (செல் வளர்ப்புத் தட்டின் குழிகளில்) கொஞ்சம் கூடியிருக்கிறது. டீபெனில் 24 மணியில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். செல்லுக்குள் இந்தக் கிருமிக்குத் துத்தநாகம்தான் முக்கியம், இரும்பு இல்லை என்று எழுதலாமா?

வெள்ளணு:
எழுதாதீர்கள். முதலில் டெஃபெராக்சமின். அது ஸ்ட்ரெப்டோமைசஸ் தன் இரும்புத் தேவைக்காகச் சுரக்கும் சிடரோஃபோர் (இரும்பைப் பிடித்துவரும் மூலக்கூறு). சால்மோனெல்லா அதைத் தானே தயாரிக்காது. ஆனால் இரும்போடு சேர்ந்த வடிவத்தை உள்ளே இழுக்க ஃபாக்ஸ்ஏ என்ற வாங்கியை வெளிச்சவ்வில் வைத்திருக்கிறது. பெட்டியைப் பூட்டி, சாவியையும் கிருமி கையிலேயே கொடுத்த கதை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த மருந்து கொடுத்தபோது யெர்சினியாவும் மியூக்கர் பூஞ்சையும் தலைதூக்கியதற்குக் காரணமும் இதே வகைதான்.

இன்னொன்று, டெஃபெராக்சமின் சவ்வை லேசில் தாண்டாது. எண்டோசைட்டோசிஸில் விழுங்கப்பட்டு லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) பக்கம் போய்ச் சேரும். செல்லுக்குள் சால்மோனெல்லா குடியிருக்கும் பையான வேக்குவோலுக்கும் அந்தப் பாதையோடு போக்குவரத்து உண்டு. ஆக, சைட்டோசோல் (செல்லின் உள்திரவம்) இரும்பைத் தொடாமல், கிருமி இருக்கும் பக்கமாக அதற்குப் பிடித்த வடிவில் இரும்பை அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

ஃபாக்ஸ்ஏ நீக்கிய திரிபையும் டான்பி (இத்தகைய வாங்கிகளுக்கு ஆற்றல் தரும் புரதம்) நீக்கிய திரிபையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். ஃபாக்ஸ்ஏ இல்லாததில் டெஃபெராக்சமின் எண்ணிக்கையைக் குறைத்தால் விஷயம் தெளிவு. சவ்வைத் தாண்டி இரும்பைப் பிடிக்கும் பொருள் வேண்டுமென்றால் 2,2'-டைபிரிடில். வெறும் எல்பியில் 200 மைக்ரோமோலார் போடுவார்கள். டிஎச்பி-1 அதை 24 மணி நேரம் தாங்கும் என்று நம்பாமல் 25, 50, 100 என்று ஏற்றிப் பாருங்கள்.

பிப்பெட்_ராணி:
டீபென் பக்கத்தை நான் சொல்கிறேன். 10% எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்) உள்ள மீடியத்தில் மொத்தத் துத்தநாகமே சில மைக்ரோமோலார்தான், அதிலும் பெரும்பகுதி ஆல்புமினோடு ஒட்டியிருக்கும். அதில் 5 மைக்ரோமோலார் டீபென் என்றால் மனித செல்லையே பட்டினி போடுகிறீர்கள். அது அபோப்டோசிஸில் (தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் சாவு) போகும். செத்த செல்லின் சவ்வு ஓட்டையாகும், மீடியத்தில் இருக்கும் 20 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து கிருமியைக் கொல்லும். தட்டில் தெரிவது ஜென்டாமைசின் செய்த வேலை. சீரத்தை 1–2 சதவீதமாகக் குறைத்திருந்தால் இன்னும் மோசம்.

4 மணியிலும் 24 மணியிலும் எல்டிஎச் (செல் செத்தால் வெளியே கசியும் நொதி) கசிவு பாருங்கள். கிருமி போடாத, டீபென் மட்டும் போட்ட கிணறு கட்டாயம். டீபெனோடு சம அளவு துத்தநாக சல்ஃபேட் சேர்த்த கிணறும் வேண்டும். அதில் எண்ணிக்கை பழையபடி திரும்பாவிட்டால் நீங்கள் பார்ப்பது துத்தநாக விளைவே இல்லை. டீபென் இரும்பையும் செம்பையும்கூடப் பிடிக்கும், துத்தநாகத்துக்கானது என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். திரும்பினாலும் பாதிதான் தேறியது: பட்டினி செல்லுக்கா கிருமிக்கா என்பதை அது சொல்லாது. அதற்கு ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ள திரிபும் புரொப்பிடியம் அயோடைடும் (செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயம்) போட்டு, உயிருள்ள செல் ஒன்றுக்கு எத்தனை கிருமி என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுங்கள்.

கிருமியை எந்த நிலையில் எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. எல்பியில் புதிதாக ஏற்றி மூன்று மணியில் எடுத்தால் எஸ்பிஐ-1 (செல்லுக்குள் புக உதவும் மரபணுத் தொகுப்பு) முழு வீச்சில் இருக்கும், பைரோப்டோசிஸ் (செல் வெடித்துச் சாவது) வந்து டீபென் இல்லாமலே எல்டிஎச் ஏறும். இரவு முழுக்க வளர்ந்த, சீரத்தில் 20 நிமிடம் ஊறிய கிருமி இந்த வேலைக்கு மேல்.

வெள்ளணு:
ராணி சொன்னதோடு ஒன்று. எல்பியில் கொழுத்து வந்த கிருமி தன் ஃபெரிட்டினில் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) இரும்புக் கையிருப்போடு உள்ளே போகிறது. 2 மணி எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. 24 மணியை 2 மணியால் வகுத்த விகிதத்தைப் போடுங்கள்.

அகார்தட்டு:
இரவு வளர்ப்புதான் எடுக்கிறேன். எல்டிஎச் இந்த வாரம் பார்க்கிறேன். மீடியத்தைச் செலெக்ஸில் (உலோகத்தை உறிஞ்சும் பிசின்) ஓட்டி உலோகம் இல்லாமல் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே? செல்லைப் பொறுத்தவரை ரா 264.7 (எலி மேக்ரோபேஜ் வரிசை) கையில் இருக்கிறது, அதற்கு மாறலாமா?

ஈயம்பித்தளை:
செலெக்ஸ் கால்சியம், மெக்னீசியத்தையும் உறிஞ்சிவிடும், பிஎச் ஏறும். மீடியம் ஆர்பிஎம்ஐ என்றால் இரண்டையும் சுமார் 0.4 மில்லிமோலாருக்குத் திருப்பிப் போட வேண்டும்; இல்லாவிட்டால் செல் தட்டை விட்டுக் கழன்றுவிடும். அப்படிச் செய்தாலும் மேக்ரோபேஜ் தன் ஃபெரிட்டினில் இரும்பைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது, வெளி மீடியம் சுத்தமானதால் வேக்குவோல் காலியாகிவிடாது. என்னைக் கேட்டால் செல் சோதனைக்குச் செலெக்ஸ் வீண் வேலை. உலோகக் கணக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் பாட்டிலை 10% நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவையுங்கள். கையுறையையும் கவனியுங்கள், லேட்டெக்ஸ், நைட்ரைல் இரண்டின் தயாரிப்பிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு.

ராவுக்கு மாறவே மாறாதீர்கள். பால்ப்-சி எலியிலிருந்து வந்தது அது; என்ராம்ப்1 புரதத்தில் 169ஆம் கிளைசின் அஸ்பார்டேட்டாக மாறி, பம்பு வேலை செய்யாது. ஃபேகோசோமிலிருந்து (விழுங்கிய கிருமி இருக்கும் பை) இரும்பையும் மாங்கனீசையும் வெளியே தள்ளுவதே அந்தப் பம்புதான். ஜே774 என்ற மேக்ரோபேஜ் வரிசையும் அதே எலி வம்சம்.

கேள்வியை மருந்தை வைத்துத் தீர்ப்பதைவிட மரபணுவை வைத்துத் தீர்ப்பது சுத்தம். உலோகத்தைக் கிருமிக்குள் இழுக்கும் மரபணுக்களை நீக்குங்கள்: துத்தநாகத்துக்கு ஸ்னூஏபிசி நீக்கிய திரிபு, மாங்கனீசுக்கு சிட்ஏபிசிடியும் எம்என்டிஎச்சும் சேர்த்து நீக்கியது (ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது ஈடுகட்டும்), இரும்புக்கு டான்பியோடு ஃபியோபியும். மனித செல்லைத் தொடாமலே கிருமியை மட்டும் பட்டினி போடலாம். கூடவே இரும்பு குறைந்தால் இயங்கும் ஐரோஎன் புரமோட்டரில் (மரபணுவை இயக்கும் பகுதி) ஒரு ஜிஎஃப்பி, துத்தநாகம் குறைந்தால் இயங்கும் ஸ்னூஏ புரமோட்டரில் ஒன்று: எந்த உலோகத்துக்கு ஏங்குகிறது என்று கிருமியே காட்டும்.

செம்பை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அதன் கணக்கு தலைகீழ். இன்டர்ஃபெரான்-காமா (நோயெதிர்ப்புச் சைகைப் புரதம்) பட்ட மேக்ரோபேஜ் ஏடிபி7ஏ என்ற செம்புப் பம்பு மூலம் ஃபேகோசோமுக்குள் செம்பை ஏற்றிக் கிருமிக்கு விஷமாக்கும். செம்பைப் பறித்தால் சால்மோனெல்லா கூடத்தான் செய்யும். பார்க்க நினைத்தால் செம்பைப் பிடிக்க டெட்ராதயோமாலிப்டேட் எடுங்கள். பாத்தோகுப்ராயின் டைசல்ஃபோனேட் செல்லுக்குள் போகாது.