ஆமைக்கு கோ-4 நட்ட கதை

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் விளையில் மூன்று சென்டை வளைத்து, சிமென்ட் கல் அடுக்கி, ஒரு சல்கேட்டா ஆமை வளர்க்கிறேன். (வெளிநாட்டு இனம். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயிற்று. நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் கேஸ்தான்.)

சல்கேட்டாவுக்குப் புல்தான் சோறு. முதலில் அருகம்புல் நட்டேன். வேர் பிடிக்கும் முன்பே மொட்டையடித்துவிட்டது. ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன், "கோ-4 கரணை தாறேன், வெட்ட வெட்ட வளரும்" என்றார். கோ-4 என்பது ஆடு மாடுகளுக்கு வளர்க்கும் தீவனப்புல், கரணை என்பது நடுவதற்கான தண்டுத் துண்டு. சரி என்று வைகாசிக் கடைசியில் அடைப்பு முழுக்க நட்டேன். ஆடியில் ஆளுயரம்! ஆமையைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆகும். முற்றிய தண்டை அது தொடவில்லை. அடியில் வெயிலே விழாமல் தரை சதசதவென்று கிடந்தது. ஒரு நாள் பார்த்தால் மூக்கில் நீர் வடிகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது.

மருந்து எழுதுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவர் கேட்டார்: "இது எந்த ஊர் ஆமை?" சகாராவின் தென்விளிம்பு, காய்ந்த பூமி. அதைத்தான் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் புல்லுக்குள் ஊறப் போட்டிருந்தேன்.

கோ-4 மொத்தமும் அண்ணனின் ஆடுகளுக்கே போனது. இப்போது அடைப்பின் குறுக்கே ஒரு தடுப்பு. ஒரு பாதியில் ஆமை மேய, மறுபாதியில் அருகம்புல் தழைக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். மழைக்காலத்தில் நாலு வாரமே போதும். கிழக்கு மூலையில் மணலும் ஜல்லியும் கொட்டி முழங்கால் உயர மேடு. வெயில் வந்ததும் அங்கேதான் போய்க் கிடக்கும். ராத்திரிக்குத் தகரக் கொட்டகை. ஓரத்தில் செம்பருத்தி உண்டு, உதிரும் பூவை அதுவே பொறுக்கித் தின்னும். முன்பிருந்த அரளியைப் பிடுங்கிவிட்டேன். அரளி விஷம் என்று நமக்குத் தெரியும், ஆமைக்குத் தெரியுமா என்று சோதித்துப் பார்க்கத் தைரியமில்லை.

* * *

தக்கலைக்காரர் கதையைப் படித்தேன். அருமனையிலிருந்து நான், என்னிடமும் ஆமை உண்டு. எங்களைச் சுற்றி ரப்பர் தோட்டம். பக்கத்துத் தோட்டத்தின் ஓரத்தில் பசும்புல் அறுத்து ஆமைக்குப் போடப் போனேன். "நேத்துதானே அங்க களைக்கொல்லி அடிச்சாவ" என்று அம்மா கத்தினாள். மருந்து அடித்த புல் உடனே வாடாது, பச்சையாகத்தான் நிற்கும். அதோடு வெளிப்புல் அறுப்பதை நிறுத்திவிட்டேன். மரச்சீனி (மரவள்ளி) இலையும் போடாதீர்கள், சயனைடு உண்டு.

* * *

அண்ணே, ஆரல்வாய்மொழியில் எனக்கு நேர்மாறான தொல்லை. காற்றாலை சுற்றுகிற காற்றில் புல் பொசுங்கிப் போகும். மிஞ்சியதை ஆமை வேரோடு இழுத்துவிடும். மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, நாலு விரல் உயரத்தில் புல்மேல் கவிழ்த்து வைத்தேன். வலைக்கு மேலே நீட்டும் நுனியை மட்டும் மேய்கிறது, வேர் தப்பித்தது. சட்டத்தின் ஓரத்தைத் தோண்டுவதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. யாராவது கல் பதித்துப் பார்த்தீர்களா?